ராஜ்கமல் கடையில் விளக்கு

மேனகா: அதெல்லாம் இல்ல. போன் பீரோவுலதான் இருக்கு. நானே வெச்சுப் பூட்டினேன்.

சிலம்பரசன்: ஒரு தடவ எடுத்துக் காட்டேன்.

மேனகா: எதுக்கு?

சிலம்பரசன்: சும்மா... பாத்துட்டுப் போயிடறேன்.

மேனகா: மாசக்கணக்கா இந்தப் பக்கமே வரல. இன்னைக்கு வந்து வாசல்ல நின்னுகிட்டு, செத்துப்போன எங்கண்ணன் போன எடுத்துக் காட்டுன்னா... உள்ள வாங்க மொதல்ல. எதிர்வீட்டு அன்னக்கிளி அக்கா ஜன்னல்ல நிக்கிறாங்க.

சிலம்பரசன்: அம்மா?

மேனகா: அண்ணன் ரூம்ல. கதவு சாத்தியிருக்கு பாருங்க. மத்தியானமானா உள்ள போய் சாத்திக்கிறாங்க. மெதுவா பேசுங்க.

சிலம்பரசன்: ம்.

மேனகா: இந்தாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்த கவருல அப்படியே இருக்கு. பிரிக்கக்கூட இல்ல.

சிலம்பரசன்: ஐயோ... இப்படியா ஒடஞ்சிருக்கு?

மேனகா: வழுதாவூர் ரோட்ல லாரி ஏறுனா பின்ன எப்படி இருக்கும்?

சிலம்பரசன்: இத யாரும் ரிப்பேருக்குக் குடுக்கலையே?

மேனகா: யாரு குடுப்பா? நானா, எங்கம்மாவா? என்ன விஷயம்னு சொல்லுங்க. மூஞ்சியே சரியில்ல உங்களுக்கு.

சிலம்பரசன்: அவன் கடை தொறந்திருக்கு மேனகா.

மேனகா: எந்தக் கடை?

சிலம்பரசன்: நாங்க போன்ல ஆடற கேம்ல இருக்கற கடை. வெளக்கு எரியுது.

மேனகா: வெளையாடாதீங்க.

சிலம்பரசன்: நான் வெளையாடல. இங்க பாரு, என் போன்ல. இதான் துறைமுகத் தெரு. மொதக் கடை என்னது. அந்தத் துணி தொங்கறது சிராஜுதீன் பாய் கடை. கோடியில வேம்பு கடை. நடுவுல...

மேனகா: நீல கதவு...

சிலம்பரசன்: அவனேதான் அடிச்சான், நீலம். ஒரு கடைய ரொம்ப நாள் தொறக்கலன்னா ஒட்டடை படியும். அப்புறம் ஓடு சரியும். அப்புறம் தானா இடிஞ்சு மண்ணாப் போயிடும். அவன் போனப்புறம் ஒட்டடை படிஞ்சுது, நானே பாத்தேன். கண்ணால பாக்க முடியல, கொஞ்ச நாள் தெருப்பக்கமே போகாம இருந்தேன். திரும்பிப் போனா... சுத்தமா பெருக்கி வெச்சிருக்கு. வெளக்கு எரியுது.

மேனகா: வேற யாராவது திருட்டுத்தனமா நொழஞ்சிருப்பாங்க.

சிலம்பரசன்: அப்படித்தான் நெனச்சேன். ஆனா திருடன் என்னா பண்ணுவான்? சரக்க எடுத்துகிட்டு ஓடுவான். இது வியாபாரம் பண்ணுது.

மேனகா: இதுன்னு சொல்லாதீங்க.

சிலம்பரசன்: பின்ன இன்னான்னு சொல்றது? அவன்னு சொல்லவா? சாரி. நீயா இருந்தா சொல்லிடு. நான் ஒன்னும் நெனச்சுக்க மாட்டேன். நீயா?

மேனகா: மருந்துக் கடையில நின்னு கால் வீங்கி வீட்டுக்கு வர்றேன். இதுல கேம்ல வேற கடை நடத்தறேனா? எனக்கென்ன தெரியும் உங்க சந்தையப் பத்தி? சோறு திங்கும்போது கட்டை, வெல, கூட்டுன்னு அண்ணன் கத்தும். அவ்வளவுதான் தெரியும்.

சிலம்பரசன்: அந்தக் கூட்டுலதான் இப்ப பிரச்சனை. தெரு முழுக்க சந்தனக் கட்டை எங்க கையிலதான். கப்பல் கட்டணும்னா சந்தனக் கட்டை இல்லாம முடியாது. வெளியில யார் வித்தாலும் நாங்களே சேந்து வாங்கிடுவோம். அப்புறம் எல்லாக் கடையிலயும் ஒரே வெல. அறுவது காசு. காலையில ராஜ்கமல் வெல போடுவான், நாங்க அதையே போடுவோம். ஒருத்தனும் கொறைக்கக் கூடாது.

மேனகா: கொறைச்சா?

சிலம்பரசன்: எல்லாரும் சேந்து அவன் சரக்க மொத்தமா வாங்கிடுவோம். காலிக் கடை நிக்காது, இடிஞ்சிடும். அப்படி எத்தனையோ பேர தெருவ விட்டே தொரத்தியிருக்கோம்.

மேனகா: கேக்கவே நல்லா இருக்கு. இதத்தான் எங்கண்ணன் தலைவரா இருந்து பண்ணுச்சா?

சிலம்பரசன்: அவன் நியாயமா நடத்துனான். யாருக்காவது ஒரு அவசரம், வெலைய கொறைச்சு தங்கச்சிப் புள்ளைக்குக் குடுக்கணும், அது மாதிரின்னு வை. என்னா வேணுமோ அதுக்கு ஏத்த ஒரு பொருள கொண்டுபோய் ராஜ்கமல் கடையில வெச்சுடணும். ரவுண்டா வெல போட்டு. நூறு, இருநூறு, அப்படி. வாயத் தொறந்து கேக்க வேணாம். அவனுக்குச் சம்மதம்னா மொய் வெக்கற மாதிரி மேல ஒத்தக் காசு சேப்பான். நூத்தியொன்னு. அவ்வளவுதான், கேட்டது கெடச்சிடுச்சுன்னு அர்த்தம். இல்லன்னா பொருள் திரும்பி வந்துடும்.

மேனகா: ஓ.

சிலம்பரசன்: இன்னா ஓ?

மேனகா: ஒன்னுமில்ல. சொல்லுங்க. இப்ப அந்தக் கடை என்ன வெலைக்கு விக்குது?

சிலம்பரசன்: நாப்பது. எல்லாரும் அறுவதுல நிக்கறப்ப செத்துப்போனவன் கடையில நாப்பது. ஊர்ல இருக்கற சின்னப் பசங்க எல்லாம் அந்த நீல கதவு முன்னால வரிசையில நிக்குதுங்க. எங்க கூட்டுல இருக்கற தஸ்லீம் பாரிஸ்லேர்ந்து போன் பண்ணி கத்தறான். இன்னைக்கு சாயந்தரம் ஆறு மணிக்கு எல்லாருமா சேந்து சரக்க வாங்கி கடைய இடிச்சிடறதுன்னு முடிவாயிடுச்சு. ஆரம்பிக்க வேண்டியது நான்.

மேனகா: நீங்களா?

சிலம்பரசன்: பக்கத்துக் கடைக்காரன் நாந்தான. அவன் கூட்டாளியும் நாந்தான்.

மேனகா: அத இடிக்காதீங்க.

சிலம்பரசன்: மேனகா...

மேனகா: தட்டாஞ்சாவடியில வேலை பாத்த கம்பெனியில அண்ணனோட லாக்கர காலி பண்ணி வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. வண்டிய காயலான் கடைக்காரன் எடுத்துகிட்டுப் போயிட்டான். ஒரு இடத்துல அண்ணன் பேரு போட்டு வெளக்கு எரியுதுன்னா... எரிஞ்சுட்டுப் போகட்டும். யார் ஏத்துனா என்ன?

சிலம்பரசன்: யார் ஏத்துறாங்கன்னு தெரிஞ்சா நான் எல்லார்கிட்டயும் பேச முடியும். அதுக்குத்தான் வந்தேன். அதுவும் இன்னைக்கு காலையில அங்க ஒரு...

மேனகா: ஒரு?

சிலம்பரசன்: ஒன்னுமில்ல. விடு.

மேனகா: பாதியில நிறுத்தாதீங்க.

சிலம்பரசன்: இப்ப ஒன்னு பண்றேன், பாரு. என் கடையில கட்டை வெலைய முப்பத்தொம்பதா எறக்கறேன். ஒரே ஒரு கட்டை மட்டும். அந்தப் பக்கம் ஆள் இருக்கான்னு தெரிஞ்சிடும். நீ அந்த ஒடஞ்ச போன கையில பிடிச்சுக்க.

மேனகா: எதுக்கு?

சிலம்பரசன்: அது செத்துக் கெடக்குதுன்னு நமக்குத் தெரியணும் இல்ல.

மேனகா: நீங்க பயப்படுறீங்க.

சிலம்பரசன்: ஆமா. போட்டுட்டேன். முப்பத்தொம்பது... பாரு.

மேனகா: ஒன்னும் ஆகலையே.

சிலம்பரசன்: இரு... இரு...

மேனகா: முப்பத்தெட்டு! முப்பத்தெட்டுன்னு மாறிடுச்சு!

சிலம்பரசன்: மெதுவா! சரி, நான் முப்பத்தஞ்சு போடறேன்.

மேனகா: முப்பத்திநாலு... ஐயோ, அண்ணன் இப்படித்தான். கேரம் ஆடும்போதுகூட நம்மள விட ஒன்னே ஒன்னு அதிகம் எடுத்துட்டு சிரிக்கும். இந்த போன் பச்சத் தண்ணி மாதிரி இருக்கு, நிறுத்துங்க, போதும்.

சிலம்பரசன்: இரு. கடை வாசல்ல ஏதோ வெக்குது.

மேனகா: என்னது அது?

சிலம்பரசன்: டம்ளர்.

மேனகா: டம்ளரா?

சிலம்பரசன்: அவன் டீ குடிக்கப் போனா வாசல்ல ஒரு காலி டம்ளர வெச்சுட்டுப் போவான். வந்துடறேன்னு அர்த்தம். தெருவுல வேற ஒருத்தன்கூட அத செய்யறதில்ல... மேனகா, அந்தக் கதவு...

மேனகா: அண்ணன் ரூம் கதவு தொறக்குது...

பார்வதி: யாரு, செலம்பா? எப்ப வந்த? டீ போடப் போறேன், உனக்கும் சேத்துப் போடட்டா? இன்னாடா பேயப் பாத்த மாதிரி நிக்கிற? ஏன்டி, இவனுக்கு தண்ணிகூட குடுக்கலையா?

மேனகா: ம்மா... கையில என்னம்மா?

பார்வதி: உன் பழைய போன்தான். நீதான குடுத்த, சீரியல் பாருன்னு.

சிலம்பரசன்: ம்மா. இப்ப டம்ளர் வெச்சது...

பார்வதி: அத எப்படிப் பாத்த நீ? ஓ... பக்கத்துக் கடை உன்னுது இல்ல. இப்ப முப்பத்தஞ்சு போட்டு என்கிட்ட வம்பு பண்ணது நீதானா? படவா!

மேனகா: ம்மா! நீங்களா?

பார்வதி: ஏன்டி கத்தற? ஆமா, நாந்தான். அவன்தான் இந்த போன்லயும் கேம போட்டுக் குடுத்தான். நைட் ஷிப்டுக்குப் போவும்போது, யம்மா, காலையில கடைக்கு வெளக்கு மட்டும் போட்டுடுன்னு சொல்லிட்டுப் போவான். சாமி வெளக்க ஏத்திட்டு இதையும் ஏத்துவேன். காரியமெல்லாம் முடிஞ்சு ஒருநாள் தொறந்து பாத்தேன். ஒட்டடையா தொங்குது. எம்புள்ள கடையில ஒட்டடையா? மனசு கேக்கல. பெருக்கி வெளக்கு போட்டேன். அவ்வளவுதான்.

சிலம்பரசன்: அப்பா... நெஞ்சு இப்பதான் எறங்குது.

மேனகா: சொல்லக் கூடாதாம்மா எங்கிட்ட?

பார்வதி: சொன்னா, கெழவிக்கு மூளை கொழம்பிடுச்சுன்னு டாக்டர்கிட்ட இழுத்துகிட்டுப் போவ.

சிலம்பரசன்: சரிம்மா, வெளக்கு போட்டீங்க. வெலைய ஏன் கொறச்சீங்க? ஊரே பத்திகிட்டு எரியுது.

பார்வதி: ஒரு புள்ள வந்து வாசல்ல நின்னுச்சு. அண்ணா, கப்பல் கட்டணும், அறுவது குடுக்க என்கிட்ட இல்லன்னு எழுதுச்சு. நாப்பதுக்கு எடுத்துக்கன்னேன். மறுநாள் பத்து புள்ளைங்க. எல்லாம் என்னைய அண்ணா அண்ணாங்குதுங்க. நான் திருத்தல. அவன கூப்புடற மாதிரி இருந்துச்சு... விட்டுட்டேன்.

மேனகா: ம்மா...

பார்வதி: நானும் மில்லு ஓடுன காலத்துல கொடி புடிச்சவதான் செலம்பு. நாலு பேர் சேந்து நம்ம வயித்துக்காக நின்னா அது சங்கம். நாலு பேர் சேந்து அடுத்தவன் வயித்துல அடிச்சா அதுக்கு இன்னா பேரு? அவன்கிட்டயே கேட்டிருக்கேன். சிரிச்சு மழுப்பிடுவான்.

மேனகா: ம்மா, ஆறு மணிக்கு அந்தக் கடைய இடிக்கப் போறாங்களாம். எல்லாரும் சேந்து.

பார்வதி: யாரு? இவனுமா?

சிலம்பரசன்: நான் இல்லம்மா... நாந்தான்... அது வந்து...

பார்வதி: எம்புள்ளைய தூக்கிகிட்டுப் போனப்ப முன்னால தோள் குடுத்தது நீ. இப்ப கடையையும் நீயே இடிப்பியா?

மேனகா: பதில் சொல்லுங்க.

சிலம்பரசன்: இருங்க. பேசாதீங்க ரெண்டு பேரும். ஒரு நிமிஷம்.

மேனகா: என்ன பண்றீங்க?

சிலம்பரசன்: என் கடையிலயும் வெலைய எறக்கறேன். இருக்கற அத்தன கட்டையும் நாப்பது. குரூப்புல எழுதிட்டேன். நான் கூட்டுல இல்ல, வெல்கம் டு எவ்ரிபடின்னு.

மேனகா: இங்கிலீஷெல்லாம் எதுக்கு?

சிலம்பரசன்: தமிழ்ல எழுத தைரியம் வரல. பாரு, தஸ்லீம் வாய்ஸ் மெசேஜ் போட்டுட்டான். வேணாம், அம்மா இருக்காங்க, அத கேக்க முடியாது.

பார்வதி: போடு, போடு. மில்லுல கேக்காததா?

சிலம்பரசன்: இருங்கம்மா... சிராஜுதீன் பாய் கடையப் பாரு! முப்பத்தெட்டு! கூட்டு உடையாது உடையாதுன்னு சத்தியம் பண்ணவரு, மொத ஆளா ஓடறாரு.

மேனகா: வேம்பு கடையில முப்பது!

சிலம்பரசன்: ராஜ்கமல் எப்பவும் சொல்லுவான். ஒருத்தன் எறங்குனா போதும்டா, மிச்சம் எல்லாம் தானா சரியும்னு. இனிமே கடைய இடிக்க எவனுக்கு நேரம்? அவனவன் சரக்க தள்ளிவிட ஓடறான். அம்மா, உங்க கடைக்கு ஒன்னும் ஆகாது.

பார்வதி: நல்லா இரு. டீத்தூள் வேற கம்மியா இருக்கு... ஏலக்கா போட்டு சமாளிக்கறேன்.

சிலம்பரசன்: ம்மா... ஒரே ஒரு விஷயம்.

பார்வதி: இன்னா?

சிலம்பரசன்: உங்க கடையில, உள்பக்க அலமாரியில... ஒரு பூமாலை இருக்கு இல்ல.

பார்வதி: ஆமா. அவன் இருந்தப்பவே இருக்குது. ஐநூறுன்னு போட்டிருக்கும். நான் அத தொடல. அடுத்தவங்க பொருள் மேல கைய வெக்காதம்மான்னு அவன் சொல்லியிருக்கான்.

சிலம்பரசன்: தொடலையா?

பார்வதி: பெருக்கறப்பகூட சுத்திப் பெருக்குவேன். ஏன்?

சிலம்பரசன்: இன்னைக்கு காலையில வெளக்கு போடும்போது கை பட்டிருக்குமோன்னு...

பார்வதி: காலையில நான் எங்கடா வெளக்கு போட்டேன்? நேத்தே கரண்ட் போயிடுச்சு, போன் செத்துக் கெடந்துது. பன்னெண்டு மணிக்கு மேலதான் கரண்ட் வந்து சார்ஜுல போட்டேன். இன்னைக்கு எம்புள்ள கடைய லேட்டா தொறந்தோமேன்னு மனசு அடிச்சுகிச்சு. இன்னா, அப்படி பாக்கற?

சிலம்பரசன்: ஒன்னுமில்லம்மா.

பார்வதி: இந்த காலத்துப் புள்ளைங்க எல்லாத்துக்கும் ஒன்னுமில்ல. செலம்பு, சாப்ட்டுதான் போவணும். ஆமா, ஏன்டி, இவன முன்னல்லாம் அண்ணா அண்ணாம்ப. வந்ததுலேர்ந்து கேக்கறேன், ஒரு அண்ணாவும் காணோம்?

மேனகா: டீ பொங்கப் போகுது, போங்கம்மா!

பார்வதி: அடுப்பே இன்னும் பத்த வெக்கல. போறேன், போறேன்.

மேனகா: அம்மாகிட்ட எதையோ மறைக்கிறீங்க. உக்காருங்க.

சிலம்பரசன்: காலையில ஷிப்டுக்குப் போறப்ப பஸ்ல உக்காந்து பாத்தேன் மேனகா. கடையில வெளக்கு எரிஞ்சுது.

மேனகா: அம்மா மறந்திருப்பாங்க.

சிலம்பரசன்: சாமி வெளக்க மறப்பாங்களா? அது மாதிரிதான இது அவங்களுக்கு?

மேனகா: அந்த மாலை என்ன? அதையாவது முழுசா சொல்லுங்க.

சிலம்பரசன்: கூட்டுல பேசறதுக்காக வந்தேன்னு சொன்னது பாதிதான் உண்மை. நான் வந்தது அந்த மாலைக்காக. அத வெச்சது நான். அவன் போன அன்னைக்கு, மத்தியானம்.

மேனகா: என்ன கேட்டு வெச்சீங்க?

சிலம்பரசன்: நேர்ல கேக்க வாய் வரல. கூட்டாளிகிட்ட எந்த மூஞ்சிய வெச்சுகிட்டு... அவன் கூடவே தின்னு, அவன் கூடவே தூங்கி... அதான் கடையில வெச்சேன். அவனுக்குப் புரியும்னு தெரியும். மாலைய பாத்தா எவனுக்குத்தான் புரியாது?

மேனகா: என்ன கேட்டீங்க?

சிலம்பரசன்: உன்ன. தப்பா நெனச்சா சொல்லிடு. டீ குடிக்காமலே கெளம்பிடறேன். அன்னைக்கு அவன் பதில் சொல்லாமலே போயிட்டான். அதுக்கப்புறம் உங்க வாசப்படி ஏற எனக்கு யோக்கியத இல்லன்னு இருந்தேன். ஆனா தெருவுக்குத் திரும்பினப்புறம் அந்தக் கடைய எட்டிப் பாப்பேன். மாலை அங்கேயே கெடக்கும். ஐநூறு. திருப்பி அனுப்பவும் ஆள் இல்ல, ஒன்னு சேக்கவும் ஆள் இல்ல. இன்னைக்கு காலையில...

மேனகா: இன்னைக்கு காலையில?

சிலம்பரசன்: நீயே பாரு. இந்தா, போன பிடி.

மேனகா: ஐநூத்தி... ஒன்னு.

சிலம்பரசன்: அம்மா தொடலங்கறாங்க. அவங்க போனே செத்துக் கெடந்திருக்கு. அப்ப நீதான? உனக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு. என் மேல எரக்கப்பட்டு, உன் போன்ல தொறந்து... நீதான மேனகா? ஆமான்னு சொல்லு. இல்லன்னா எனக்கு பயமா இருக்கு.

மேனகா: தெரியும். அன்னைக்கு சாயந்தரமே தெரியும். கம்பெனி கேட்டுலேர்ந்து அண்ணன் போன் பண்ணி ஒரே சிரிப்பு. செலம்பு என் கடையில மாலைய கொண்டாந்து வெச்சிருக்கான், இன்னா சொல்றன்னு கேட்டுச்சு.

சிலம்பரசன்: நீ... நீ இன்னா சொன்ன?

மேனகா: சரின்னேன்.

சிலம்பரசன்: அப்ப நீதான் சேத்த! இத மொதல்லயே சொல்லியிருந்தா...

மேனகா: நான் சேக்கல. அந்தக் கடைய இன்னைக்கு வரைக்கும் நான் தொறந்துகூட பாத்ததில்ல. வண்டிய எடுத்துட்டேன், வீட்டுக்கு வந்ததும் அந்த ஒத்தக் காச என் கையாலதான் சேப்பேன், அதுவரைக்கும் அவன்கிட்ட மூச்சு விடாதன்னு அண்ணன் சொல்லுச்சு. அதான் நானும் இத்தன நாளா வாயத் தொறக்கல... இன்னைக்குத்தான் அண்ணன் வீடு வந்து சேந்திருக்கு.